ஒரே பாட்டு, பல வாய்: ரீல்ஸில் அரசியல் பேசும் குழுக்கள் எப்படி இயங்குகின்றன

குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரம், ஏப்ரல் முதல் வாரம். ஒரு வரவேற்பு வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, அது முடியும்வரை போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆம்பூர்ப் பக்கம் கடை கடையாகப் பிரியாணி சாப்பிட்டுக் காட்டும் ஒரு பையனின் ரீல் வந்தது. அன்றைக்கு அவன் பிரியாணி பற்றிப் பேசவில்லை. "நான் எந்தக் கட்சியும் இல்லைங்க, ஆனா மனசுல பட்டதச் சொல்லியாகணும்" என்று தொடங்கி, ஒரு கட்சி கொடுத்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று கேட்டான். நாலைந்து வீடியோ தள்ளியதும் காட்பாடியில் விடுதி வாழ்க்கையை நடித்துக்காட்டும் ஒரு கல்லூரிப் பெண். அதே தொடக்கம், அதே கேள்வி. இரவு சாப்பிட்டுப் படுத்தபோது ராணிப்பேட்டையில் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஓர் அக்கா. அவரும் அதையேதான் கேட்டார்.

மூவர் வீடியோவிலும் திரையில் ஓடிய எழுத்தில் ‘வாக்குறுதி’ என்பது ‘வாக்குருதி’ என்று இருந்தது.

ஒருவர் தப்பாக எழுதலாம். மூன்று பேர், மூன்று ஊரில், ஒரே நாளில், அதே எழுத்தில் தவறினால் அதை எழுதியது அந்த மூவரும் இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் நான்காவது ஆள் ஒருவர் எழுதி மூவருக்கும் அனுப்பியிருக்கிறார். அந்த நான்காவது ஆள் யார், அவர் எப்படி வேலை செய்கிறார் என்று புரிந்துகொண்டால் ரீல்ஸ் அரசியலில் பாதி புரிந்துவிடும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். இன்ஃப்ளூயன்சர் என்றால் பிரபலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சினிமா நடிகர் பிரபலம். அவரை நாம் தூரத்திலிருந்து பார்க்கிறோம். இன்ஃப்ளூயன்சர் என்பவர் நம்மைப் போன்ற ஓர் ஆள், தினமும் போனில் வந்து பேசிப் பேசி நம் வீட்டு ஆள் போல ஆகிவிட்டவர். பத்தாயிரம் ஃபாலோயர் இருந்தால்கூடப் போதும். பிரியாணிப் பையன் "இங்க நல்லாயிருக்கும்" என்று சொன்ன கடைக்கு நாம் போய்ச் சாப்பிட்டு, நன்றாகவும் இருந்து, அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த நம்பிக்கைதான் அவனுடைய சொத்து. அரசியலுக்கு வேண்டியதும் அதுதான்.

இப்படிப்பட்டவர்கள் பத்து இருபது பேர் சேர்ந்து, ஒரே கட்சிக்காகவோ ஒரே கருத்துக்காகவோ, தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒரு நிமிட வீடியோக்கள் போடுவதுதான் அரசியல் இன்ஃப்ளூயன்சர் குழு. சில குழுக்கள் தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு வெளிப்படையாக இயங்கும். சில குழுக்கள் இருப்பதே வெளியில் தெரியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது என்பது என் கருத்து. பாலாற்றில் நுரை பொங்கி ஓடும்போது நாலு ஊர்ப் பையன்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் வீடியோ போட்டால் அதுவும் குழு வேலைதான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி அப்படிச் சேர்ந்து பேசினால்தான் அதிகாரிகள் காதில் விழும். சேர்ந்து பேசுவது தப்பில்லை. சேர்ந்து பேசிவிட்டு, தனித்தனியாகத் தோன்றியது போலக் காட்டுவதுதான் தப்பு.

வட ஆற்காட்டுப் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வேடம் கட்டியவர் ஒரு வரியைப் பாடுவார். பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். அதற்குப் பின்பாட்டு என்று பெயர். ஒரு குரல் தனியாகப் போனால் ஊர்க் கடைசி வரைக்கும் கேட்காது. பின்பாட்டு சேர்ந்தால் கேட்கும். நடுவில் கட்டியங்காரன் வந்து, பாரதக் கதையை விட்டுவிட்டு உள்ளூர் சாலையைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். ஆக, பொழுதுபோக்குக்கு நடுவே அரசியல் பேசுவது நமக்குப் புதிது அல்ல.

ஆனால் கூத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. துச்சாதனன் சேலையில் கை வைக்கப் போகும் நேரமாக இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி, "இன்னார் மகன் இன்னார் 101 ரூபாய் அன்பளிப்பு" என்று மைக்கில் வாசிப்பார்கள். போன ஆடியில் ஒரு கோயில் கமிட்டிக்குக் கூத்து வீடியோ எடிட் செய்து கொடுத்தேன். நீளமாக இருக்கிறதே என்று அன்பளிப்பு வாசிக்கும் இடங்களை வெட்டிவிட்டேன். தர்மகர்த்தா பென்டிரைவைத் திருப்பி அனுப்பிவிட்டார். "மத்தத எங்க வேணா வெட்டிக்கோப்பா. குடுத்தவன் பேரு இருக்கணும்" என்றார்.

கூத்தில் யார் பாடுகிறார், யார் பின்பாட்டு, யார் காசு கொடுத்தார் என்ற மூன்றும் ஊருக்குத் தெரியும். ரீல்ஸில் பின்பாட்டுக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. ஒருவர் ஆம்பூரில், ஒருவர் காட்பாடியில், ஒருவர் ராணிப்பேட்டையில். ஒவ்வொருவரும் தானே சொந்தமாகப் பாடுவது போலத் தெரிகிறது. அன்பளிப்பை யாரும் வாசிப்பதில்லை.

சரி, ஏன் குழுவாக வேண்டும்? பெரிய நடிகர் ஒருவரைப் பிடித்துப் பேச வைத்தால் போதாதா? இதற்குப் பதில் ரீல்ஸ் ஓடும் விதத்தில் இருக்கிறது. முன்பு ஃபேஸ்புக்கில் நாம் நண்பராக்கிக்கொண்டவர்களின் பதிவும் நாம் லைக் போட்ட பக்கங்களின் பதிவும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். ரீல்ஸும் ஷார்ட்ஸும் அப்படியில்லை. நாம் பின்தொடராத ஆளின் வீடியோவும் தானாக வந்து விழும். புது வீடியோவைச் செயலி முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, திரும்பப் பார்த்தார்களா, யாருக்காவது அனுப்பினார்களா, கீழே ஏதாவது எழுதினார்களா என்று கணக்குப் போடுகிறது. கணக்கு நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பேர், பிறகு இன்னும் நிறையப் பேர். எங்கள் தொழிலில் இதை ‘ரீச்’ என்போம்.

அதனால் முதல் அரை மணி நேரம் முக்கியம். குழுவில் இருபது பேர் இருந்தால், ஒருவர் வீடியோ போட்டதும் மற்ற பத்தொன்பது பேரும் உடனே முழுதாகப் பார்த்து, கமென்ட் போட்டு, ஸ்டோரியில் வைப்பார்கள். இதற்கென்றே தனி வாட்ஸப் குரூப் இருக்கும். "போட்டாச்சு, கொஞ்சம் பாருங்க" என்று லிங்க் விழும். வெளியில் இருக்கும் நமக்கு அது மக்கள் விரும்பிய வீடியோ போலத் தெரியும். இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவை இரண்டு மூன்று கணக்குகளில் சேர்த்துப் போடும் வசதியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பெயர்கள் மேலேயே தெரியும். அது நேர்மையான வழி. மறைக்க நினைப்பவர்கள் அதைத் தொடுவதில்லை.

பெரிய நடிகரைவிடச் சின்னச் சின்ன ஆட்கள் பத்துப் பேர் அரசியலுக்கு நல்லது என்பதற்கு இன்னொரு காரணம், பார்ப்பவர்கள் வேறு வேறு. பிரியாணி பார்க்கிறவர் அலங்காரம் பார்ப்பதில்லை. பத்து வாசல் வழியாக ஒரே செய்தி போகிறது. இரண்டு மூன்று வாசலில் நிற்கிற என்னைப் போன்ற ஆளுக்கு, ‘எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள்’ என்று தோன்றிவிடுகிறது. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலப் படும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-லேயே சோதனை செய்து காட்டினார்கள். அப்போது ரீல்ஸ் இல்லை. மனித மனம் அதேதான்.

இந்தக் குழு முறை எங்கே பெயர் வாங்கியது என்றால் அமெரிக்காவில். 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டிக்டாக் இளைஞர்கள் சிலர் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அதிலேயே தங்கி, ஒருவர் வீடியோவில் ஒருவர் வந்து, எல்லாருடைய ஃபாலோயரும் எல்லாருக்கும் சேரும்படி செய்தார்கள். ‘ஹைப் ஹவுஸ்’ என்று அதற்குப் பெயர். ஆட்டம் பாட்டம்தான், அரசியல் இல்லை. 2020 அதிபர் தேர்தல் ஆண்டு வந்ததும், அந்தப் பெயரை அரசியல் பேசும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்கு ஆதரவாகக் கன்சர்வேட்டிவ் ஹைப் ஹவுஸ், ரிபப்ளிகன் ஹைப் ஹவுஸ் ஒரு பக்கம், அவர்களுக்கு எதிராக லிபரல் ஹைப் ஹவுஸ் மறுபக்கம். பெயரில்தான் வீடு இருந்தது. உண்மையில் அது ஒரு பொதுக் கணக்கு. உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஊரில் தங்கள் அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கணக்கில் முறை வைத்து வீடியோ போட்டார்கள். பலருக்கு ஓட்டுப் போடும் வயதுகூட ஆகியிருக்கவில்லை. எதிரணி வீடியோவைத் தன் வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பதில் சொல்லும் ‘டூயட்’ வசதி டிக்டாக்கில் இருந்தது. அதை வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி எதிர்ப்பாட்டு பாடின.

கவனிக்க வேண்டிய விஷயம், டிக்டாக் 2019 அக்டோபரிலேயே காசு கொடுத்துப் போடும் அரசியல் விளம்பரத்தைத் தடை செய்திருந்தது. விளம்பரத்தின் கதவை மூடியதும் ஆட்கள் வழியாகப் போகும் ஜன்னல் திறந்துகொண்டது. விளம்பரம் என்றால் மேலே ‘ஸ்பான்சர்’ என்று எழுதியிருக்கும். ஒரு மனிதர் பேசினால் அப்படி எதுவும் தெரியாது. 2020-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ பைடனுக்காக ‘டிக்டாக் ஃபார் பைடன்’ என்ற பெயரில் சேர்ந்த இளைஞர் குழு, தேர்தலுக்குப் பிறகு ‘ஜென் இசட் ஃபார் சேஞ்ச்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கி இரண்டு வாரத்தில், வெள்ளை மாளிகை அதிகாரிகள் டிக்டாக் ஆட்கள் முப்பது பேரைக் காணொளிக் கூட்டத்துக்கு அழைத்து நிலவரத்தை விளக்கினார்கள். அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்ததில் இந்தக் குழுவுக்கும் பங்கு உண்டு. 2024 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடியோ ஆட்களுக்குப் பத்திரிகையாளர்களைப் போலவே அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். நாலு வருடத்தில் படுக்கையறையிலிருந்து மாநாட்டு மேடைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

இவையெல்லாம் பெயர் போட்டுக்கொண்ட குழுக்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியும். நான்காவது ஆளின் வேலை முழுதாக வெளிப்பட்ட இடம் ருமேனியா.

2024 நவம்பர் 24 அன்று அங்கே அதிபர் தேர்தலின் முதல் சுற்று. கலின் ஜார்ஜெஸ்கு என்பவர், பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாதவர், பிரசாரச் செலவு பூஜ்யம் என்று கணக்குக் காட்டியவர், முதலிடத்துக்கு வந்துவிட்டார். அவருடைய பேர் பரவியது முக்கியமாக டிக்டாக்கில். எப்படி என்று பார்த்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இன்ஃப்ளூயன்சர்களுக்கு ஒரு விளம்பரத் தளம் வழியாக வேலை கொடுத்திருந்தார்கள். நல்ல அதிபர் எப்படி இருக்க வேண்டும் என்று பேச வேண்டும். யார் பெயரையும் சொல்லக் கூடாது. இந்த ஹேஷ்டேக்கைப் போட வேண்டும். அவ்வளவுதான். சமையல் செய்பவர், ஒப்பனை செய்பவர் எல்லாரும் அப்படியே பேசினார்கள். வீடியோவில் பெயர் இல்லை. கீழே கமென்டுகளில் ஜார்ஜெஸ்குவின் பெயர் மழையாகப் பெய்தது. பார்க்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே செய்தியாகிவிட்டது. பிறகு ருமேனியப் பத்திரிகையாளர்கள் தோண்டியபோது, அந்த வீடியோக்களுக்குப் பணம் கொடுத்ததே வேறொரு கட்சி என்று தெரியவந்தது. யார் காசில் யாருக்கு ஓட்டு போயிற்று பாருங்கள். பேசியவர்களுக்கே தாங்கள் யாருக்காகப் பேசுகிறோம் என்று தெரியவில்லை. டிசம்பர் 6 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது.

தேர்தல் ரத்து என்றதும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு தேதி ஞாபகம் வராமல் இருக்காது. 2019 ஏப்ரல் 16. வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தலைக் குடியரசுத் தலைவர் உத்தரவால் ரத்து செய்தார்கள். வருமான வரித் துறை சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டதுதான் காரணம். வார்டு வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்திருந்த பணம். பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலை நிறுத்தியது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. அப்புறம் ஆகஸ்ட் 5-இல் தனியாகத் தேர்தல் நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பதிவாகி, வெற்றி தோல்வி 8,141 வாக்குகளில் முடிந்தது.

அந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊர்ப் பையன்கள் எருது விடும் விழாவில் எடுத்த ஒரு ரீலுக்கு எட்டாயிரம் வியூஸ் ஒரே மாலையில் வந்துவிடும். வியூஸ் எல்லாம் வாக்காக மாறாது, உண்மைதான். ஆனாலும் இழுபறியான தொகுதியில் இது சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கட்டுக் கட்டாக இருந்த பணத்தை அன்று கண்ணால் பார்க்க முடிந்தது, எண்ண முடிந்தது, பறிமுதல் செய்ய முடிந்தது. அதே காசு ஒரு ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்து பத்துப் பிள்ளைகளின் ஜிபேவுக்கு ‘ப்ரமோஷன்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தால், எந்தச் செக்போஸ்ட்டில் பிடிப்பது?

இந்தியாவில் டிக்டாக்குக்கு 2020 ஜூன் 29 அன்று தடை வந்தது, வேறு 58 செயலிகளோடு. அதற்கு முந்தின ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைப் பதிவிறக்கத் தடை விதித்து, சில வாரங்களில் விலக்கிக்கொண்டது. தடை வந்த அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். பிள்ளைகள் அப்படியே இடம் மாறினார்கள். கட்சிகளின் ஐடி விங்குகள் அதுவரை ட்விட்டரிலும் வாட்ஸப்பிலும் செய்த வேலையை இங்கே கொண்டுவந்தன.

கட்சிக்காரர் கட்சிக் கொடியோடு ரீல் போட்டால் குழப்பமே இல்லை. நான் கண்ணால் பார்த்தது வேறு. போன தேர்தலில் ஒரு பையன் எடிட்டிங்குக்காக என் கடைக்கு வந்தான். கோயில் திருவிழா வீடியோ போடுகிறவன், நல்ல பையன்.

"ணா, ஸ்கிரிப்ட் அவங்களே குடுத்துட்டாங்கணா. எழுத்து மட்டும் போட்டுக் குடு, போதும்."

"யாருப்பா அவங்க?"

"தெரியலணா. மெட்ராஸ்ல ஒரு ஏஜென்சியாம். நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர் மூலமா வந்துச்சு. அவருகூட நேர்ல பாத்தது இல்லையாம்."

இதுதான் அமைப்பு. மேலே ஒரு கட்சியோ வேட்பாளரோ கட்சிக்கு வேண்டிய பணக்காரரோ. அவருக்குக் கீழே ஏஜென்சி. ஏஜென்சிக்குக் கீழே மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். அவருக்குக் கீழே இந்தப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனக்கு நேர் மேலே இருப்பவரைத் தவிர யாரையும் தெரியாது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ஜவுளிக்கடை விளம்பரம் போல இதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் எழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. "கீழ ‘கட்டண விளம்பரம்’னு ஒரு வரி போடலாமா, கேட்டுப் பாரு" என்றேன். கேட்டுவிட்டு வந்து, கூடாது என்கிறார்கள் என்றான். வேறு கடைக்குப் போய்விட்டான்.

அந்த ஒரு வரியைப் போடச் சட்டம் கட்டாயப்படுத்தாதா என்றால், இங்கேதான் பெரிய ஓட்டை. சோப்பு, முகக் கிரீம், ஆன்லைன் கோர்ஸ் எதையாவது காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அது பொருளுக்கும் சேவைக்கும். ஓட்டு அந்த இரண்டிலும் வராது. விளம்பரத் துறையே தனக்கு வைத்துக்கொண்ட தர அமைப்பும் அரசியல் விளம்பரத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: பற்பசைக்கு அறிவிப்பு கட்டாயம், அரசியல் வீடியோவுக்கு அப்படி ஒரு விதி வேண்டுமா என்ற பேச்சு வந்தபோது, 2023 டிசம்பரில் அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் வேண்டாம் என்று விட்டுவிட்டது.

நம் தேர்தல் ஆணையம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்ல முடியாது. 2013 அக்டோபரிலேயே சமூக ஊடகத்துக்கு உத்தரவு போட்டது. வேட்பாளர் வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் தன் சமூக ஊடகக் கணக்குகளைச் சொல்ல வேண்டும். இணைய விளம்பரத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். வீடியோ தயாரிக்க ஆள் வைத்தால் அந்தச் சம்பளமும் செலவுக் கணக்கில் வர வேண்டும். மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பது வரம்பு. எல்லாம் சரி. ஆனால் அதே உத்தரவில், வேட்பாளரும் கட்சியும் அல்லாத மற்றவர்கள் போடும் பதிவுகளை என்ன செய்வது என்பது அமைச்சகத்தோடு ஆலோசனையில் இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தது. நம் பிரியாணிப் பையன் அந்த ‘மற்றவர்கள்’. நான்காவது ஆள் அவனைத் தேடிப் போவதற்குக் காரணமே அதுதான்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் மைக்கை நிறுத்துகிறோம், கூட்டம் போடுவதில்லை. ஆனால் மூன்று நாள் முன்பு போட்ட ரீல், அந்த 48 மணி நேரத்திலும் புதிது போலவே யாரோ ஒருவர் போனில் வந்து விழுந்துகொண்டிருக்கும்.

வெளிப்படையாகப் பணம் கொடுக்கும் முறையும் உண்டு. உத்தரப் பிரதேச அரசு 2024 ஆகஸ்டில் ஒரு கொள்கை கொண்டுவந்தது. அரசுத் திட்டங்களைப் பரப்பும் வீடியோ ஆட்களுக்கு, ஃபாலோயர் எண்ணிக்கையைப் பொறுத்து, யூடியூபில் மாதம் 8 லட்சம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் இது தேவையா என்ற கேள்வி தனி. குறைந்தபட்சம் எவ்வளவு, யார் கொடுக்கிறார் என்று காகிதத்தில் இருக்கிறது, நாம் கேட்கவும் முடியும்.

பார்க்கிறவர் என்ன செய்யலாம்? எடிட்டராக நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். அரசியல் பேசாத ஒருவர் திடீரென்று அரசியல் பேசினால், உடனே அவருடைய பக்கத்துக்குள் போய்க் கீழே தள்ளிப் பார்ப்பேன். இதற்கு முன் ஒரு தடவையாவது ஊர்ப் பிரச்சினை பேசியிருக்கிறாரா? முகம் தெரிய, குரல் கேட்க, தன் பாணியில் பேசுகிறாரா, வேறு யாரோ எழுதியதை வாசிக்கிறாரா? தினமும் ‘இன்னா மச்சான்’ என்று பேசுகிற ஆள் அன்று மட்டும் ‘மேற்கண்ட திட்டம்’ என்றால் அது அவருடைய வாய்மொழி இல்லை. அதன் பிறகு, வீடியோவில் வரும் வித்தியாசமான ஒரு சொற்றொடரைத் தேடலில் போட்டுப் பார்ப்பேன். அதே வரி நாலு கணக்கில் வந்தால் பின்பாட்டு கேட்க ஆரம்பித்துவிடும். எழுத்துரு, நிறம், பின்னணி இசை, பிழை இவை ஒத்துப்போவது கண்ணுக்கு எளிதில் சிக்கும். கமென்டுகளும் பேசும். எல்லாரும் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுதியிருந்தால், அதே ஆட்கள் அடுத்த வீடியோவிலும் முதல் பத்து நிமிடத்தில் இருந்தால், அது குரூப்பில் விழுந்த லிங்க்.

அந்தக் கணக்கில் ‘காசு வாங்கினீர்களா’ என்று மரியாதையாக ஒரு கமென்ட் போடுவதும் பலன் தரும். நான் போட்டிருக்கிறேன். சிலர் அழித்துவிடுவார்கள். அந்த மணப்பெண் அலங்கார அக்கா மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினார். "ஆமாம் தம்பி, வாங்கினேன். தப்புன்னு யாரும் சொல்லல" என்று இருந்தது. அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இதற்கு உதவாது. அது அந்த இடத்திலேயே நின்று எடுக்கும் படத்தையும் வீடியோவையும்தான் ஏற்கும். கவர் கொடுப்பதைப் படம் பிடிக்கலாம், ரீலைப் பிடிக்க முடியாது. ரீல் பற்றிய புகாரை மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு, அதாவது கலெக்டருக்கு, எழுதிக் கொடுக்க வேண்டும். வேலூரில் என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ். தேர்தல் நேரத்தில் ஊடகச் சான்று மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று மாவட்டத்துக்கு மாவட்டம் இயங்கும். அதற்கும் ஒரு நகல் கொடுங்கள். லிங்க், கணக்கின் பெயர், பதிவான தேதி, ஒரே வரி வந்த மற்ற கணக்குகள் எல்லாம் எழுதுங்கள். லிங்க் மட்டும் போதாது. மறக்காமல் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு முடிந்த வாரம் நான் அந்த மூன்று ‘வாக்குருதி’ வீடியோக்களையும் தேடிப் போனேன். இரண்டு அங்கே இல்லை.